போர்தோ: கலவைதான் அதன் குணம்

போர்தோ சிவப்பு ஒயின் பாட்டிலின் முகப்புச் சீட்டில் பண்ணையின் பெயர் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும், திராட்சை பறித்த ஆண்டு இருக்கும். எந்தத் திராட்சையில் செய்தது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. கலிஃபோர்னியா, சிலி, ஆஸ்திரேலியா ஒயின்கள் பெரிய எழுத்தில் போடுவதே திராட்சையின் பெயரைத்தான்: கேபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ, ஷிராஸ். பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் இந்த வட்டாரம் ஏன் அதைச் சொல்லாமல் விடுகிறது? பழைய பெருமை தந்த அலட்சியம் என்பார்கள் சிலர். பலதையும் கலந்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் சரியென்று எனக்குப் படவில்லை. போர்தோ ஒயினுக்கென்று உலகம் அறிந்த ஒரு குணம் இருக்கிறது. அந்தக் குணத்துக்கு எந்த ஒரு திராட்சையும் உரிமை கொண்டாட முடியாது, அது கலவைக்குச் சொந்தம். கலவையும் ருசியைத் தேடிப் பிறந்ததில்லை. மழைக்கும் உறைபனிக்கும் பயந்த விவசாயி செய்துகொண்ட முன்னேற்பாடு அது. பயத்தில் பிறந்த ஏற்பாடு காலப்போக்கில் ருசியின் இலக்கணமாகவே ஆகிவிட்டது.

முதலில் போர்தோ சிவப்பு ஒயினோடு சேர்ந்து வரும் 'டிரை' என்ற அடைமொழியைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் ஊரில் ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் இனிப்பு ஒயின்தான் பலருக்கு நினைவுக்கு வரும். போர்தோ அதற்கு நேர் எதிர். நன்றாகப் பழுத்த ஒயின் திராட்சையின் சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரைக்கு 1 சதவீத ஆல்கஹால் என்பது கணக்கு. சர்க்கரை தீரும்வரை நொதிக்கவிட்டால் 13 சதவீத ஆல்கஹாலும், லிட்டருக்கு 2 கிராம் அளவில் மிச்சச் சர்க்கரையும் உள்ள ஒயின் கிடைக்கும். அந்த 2 கிராமை நாக்கு இனிப்பாக உணராது. டிரை என்று சொல்வது இதைத்தான். ஆனால் முதல் வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு "வறண்டு போகுதே" என்று சொல்வது வேறொரு சங்கதி. திராட்சைச் சாற்றுக்கு அனேகமாக நிறமே கிடையாது. நிறம் தோலில் இருக்கிறது. டானின் என்னும் பொருள் தோலிலும் விதையிலும் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குத் தோலையும் விதையையும் இரண்டு மூன்று வாரம் சாற்றோடு ஊறப்போடுகிறார்கள். அப்படி இறங்கிய டானின், எச்சிலுக்கு வழவழப்பைத் தரும் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பு போனதும் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்தாற்போல் ஆகிவிடுகின்றன. பாக்கைக் கடித்தால் வாய் துவர்ப்பதும் இதே வகை வேதியியலால்தான். ஆக, டிரை ரெட் ஒயினில் இனிப்பு இல்லை, துவர்ப்பு உண்டு. இனிப்பு இல்லாத இடத்தில் துவர்ப்பையும் புளிப்பையும் போர்த்தி மறைக்க வழியில்லை. ஒன்று ஓங்கினாலும் உடனே தெரிந்துவிடும். கலவைக்கு வேலை வருவது இங்கேதான்.

கலவையில் சேரும் திராட்சைகளை நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை போன்றவை என்று நினைத்துவிடக் கூடாது. பன்னீர் திராட்சை வாயில் போட்டு மெல்வதற்கான பழம். கேபர்னே சோவிஞ்ஞோன் பழத்தை மென்றால் தடித்த தோலும் விதையும்தான் பல்லில் மிஞ்சும், சதை கொஞ்சம். அதனாலேயே அதில் டானின் அதிகம், புளிப்பும் தூக்கல். நன்றாகப் பழுத்தால் பிளாக்கரன்ட் என்னும் ஐரோப்பியக் கருநிறப் பழத்தின் வாசனையும் தேவதாரு மரத்தின் வாசனையும் வரும். பழுக்காவிட்டால் பச்சைக் குடைமிளகாய் நாற்றம். அதற்குக் காரணமான பைரசீன் வகைப் பொருள் லிட்டருக்கு 15 நானோகிராம் அளவில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். மெர்லோவின் கதை வேறு: பழம் பெரிது, தோல் மெல்லியது, சர்க்கரை சீக்கிரம் ஏறும், புளிப்பு சீக்கிரம் இறங்கும். பிளம் வாசனையும் சதைப்பற்றான மென்மையும் அதன் பலம். கேபர்னே ஃபிரான் நறுமணத்துக்கு. பெட்டி வெர்டோ கருநிறத்துக்கும் முரட்டு டானினுக்கும். அதனால் எப்போதும் சிறு அளவில்தான் சேரும். மால்பெக்கும் கார்மனேரும் அனுமதிப் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் இன்று அந்த மண்ணில் அரிது.

இவை ஒன்றுக்கொன்று அந்நியமும் இல்லை. கேபர்னே ஃபிரானும் சோவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் எப்போதோ தோட்டத்தில் தற்செயலாகக் கலந்து பிறந்ததுதான் கேபர்னே சோவிஞ்ஞோன் என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-ல் மரபணுச் சோதனையில் காட்டினார்கள். மெர்லோவின் பெற்றோரில் ஒன்றும் கேபர்னே ஃபிரான்தான் என்பது பிறகு தெரியவந்தது. போர்தோவின் இரண்டு முக்கியத் திராட்சைகளும் ஒரு வழியில் உடன்பிறப்புகள். ஒரே வீட்டில் பிறந்தும் இரண்டும் ஒரே நேரத்துக்கு எழுவதில்லை, ஒரே நேரத்துக்கு வேலையை முடிப்பதில்லை. அந்த நேர வேறுபாட்டில்தான் போர்தோவின் வரலாறே அடங்கியிருக்கிறது.

கரோன், தோர்தோஞ் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக்கில் விழும் நாடு அது. கடல் பக்கத்தில் இருப்பதால் கடுங்குளிரோ கடுங்கோடையோ பொதுவாக இல்லை. பதிலுக்கு ஈரம், மழை, பூஞ்சை. இடக்கரையில் மெடோக் பகுதி முழுக்க ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளைக்கல் மேடுகள். சரளை நீரை வடியவிடும், பகல் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவிஞ்ஞோனுக்கு அந்தச் சூடு வேண்டும். வலக்கரையில் போமெரோலிலும் சான்-எமிலியோனிலும் களிமண்ணும் சுண்ணாம்பும். குளிர்ந்த மண், அங்கே கேபர்னே பழுத்து முடிப்பதற்குள் குளிர்காலம் வந்துவிடும், மெர்லோ தப்பிக்கும். மெர்லோ முன்னால் துளிர்க்கும், முன்னால் பூக்கும், முன்னால் பழுக்கும். கேபர்னே எல்லாவற்றிலும் பின்னால். அதனால் ஏப்ரலில் உறைபனி இறங்கினால் மெர்லோவின் இளந்துளிர் கருகும். கேபர்னேயின் மொட்டு இன்னும் மூடியே இருக்கலாம். அக்டோபரில் மழை கொட்டினால் மெர்லோ தொட்டிக்குள் பத்திரமாக இருக்கும். கேபர்னே கொடியிலேயே அழுகும்.

இது ஏட்டுக் கணக்கில்லை. 1964-ல் அருமையான கோடை. வலக்கரையில் மெர்லோ பறித்து முடித்தார்கள். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்று மெடோக்கில் காத்திருந்த பெரிய பண்ணைகள் சில நனைந்த கேபர்னேயைத்தான் பறித்தன. முன்கூட்டியே பறித்துவிட்ட ஷாத்தோ லத்தூர் என்ற பண்ணை தப்பித்தது. 1984-ல் எல்லாம் தலைகீழ். பூக்கும் பருவத்தில் வானிலை கெட்டு மெர்லோ பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்தன. அந்த ஆண்டு மெடோக் ஒயின்கள் பல ஏறக்குறைய கேபர்னேயாகவே வெளிவந்தன. 1996-ல் செப்டம்பர் மழையில் மெர்லோ சிரமப்பட்டது. பிறகு வானம் தெளிந்து இடக்கரையின் கேபர்னே நின்று பழுத்தது. இரண்டே ஆண்டு கழித்து, 1998-ல், மழைக்கு முன்னால் பறித்த வலக்கரை மெர்லோவுக்குப் பெயர் கிடைத்தது. 1956 பிப்ரவரியின் கடுங்குளிரோ துளிரையெல்லாம் தாண்டிக் கொடிகளையே கொன்றது. அதன்பின் நடந்த மறுநடவில் மெர்லோ பரவலாயிற்று. இன்று போர்தோவின் சிவப்புத் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெர்லோதான். உலகம் போர்தோ என்றதும் கேபர்னேயை நினைப்பது மெடோக்கின் புகழால் வந்த பிழையான பிம்பம்.

எல்லா ஆண்டும் ஜெயிக்கும் திராட்சை அங்கே கிடையாது. ஒரே வகையை நட்டவன் பத்தாண்டில் இரண்டு மூன்று முறை தெருவுக்கு வந்திருப்பான். இரண்டு மூன்று வகை நட்டால் நட்டம் பங்கிடப்படும். பறிப்பவர்களுக்கும் தொட்டிகளுக்கும் வேலை ஒரே வாரத்தில் குவியாமல் மூன்று நான்கு வாரத்துக்குப் பரவும் என்பது கூடுதல் லாபம். இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும்: நீங்கள் சொல்வது பொருளாதாரக் காரணம், ருசிக்கான காரணம் எங்கே? இழப்பைத் தவிர்க்கப் பல வகை நட்டார்கள் என்பதிலிருந்து, கலந்த ஒயின்தான் மேலானது என்று எப்படி வரும்? நல்ல ஆண்டில், இரண்டும் நன்றாகப் பழுத்த ஆண்டில், தனித்தனியாகப் பாட்டிலில் அடைக்கலாமே? அடைக்கலாம், சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் 1961, 1982 போன்ற பேர்போன ஆண்டுகளிலும் அவர்கள் கலக்கத்தான் செய்தார்கள். ஏன் என்பதற்கு விடை கலவை நடக்கும் அறையில் இருக்கிறது.

அறுவடை முடிந்த குளிர்காலம். ஒவ்வொரு தோட்டத்துண்டின் பழமும் தனித் தொட்டியில் நொதித்து, தனி ஒயினாக நிற்கிறது. பெரிய பண்ணை என்றால் ஐம்பது, அறுபது தொட்டி மாதிரிகள் சாதாரணம். வெள்ளை மேசையில் எண் எழுதிய சிறு பாட்டில்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் பள்ளி ஆய்வகத்தில் இருப்பதுபோன்ற கண்ணாடி அளவு உருளை, துப்புவதற்குத் தொட்டி, குறிப்புத் தாள். 60 பங்கு கேபர்னே, 35 மெர்லோ, 5 ஃபிரான் என்று ஊற்றி, குலுக்கி, முகர்ந்து, வாயில் உருட்டித் துப்புகிறார்கள். மெர்லோவை 5 பங்கு குறைத்து மறுபடி. பெட்டி வெர்டோ 2 பங்கு சேர்த்து மறுபடி. தோலைப் பிழிந்து எடுத்த முரட்டு ஒயினிலிருந்து ஒரு துளி சேர்த்து மறுபடி. இப்படிப் பல நாள். இங்கே கூட்டல் கணக்கு செல்லாது. மிகச் சிறந்த இரண்டு தொட்டிகளைச் சேர்த்தால் சுமாரான ஒயின் வரலாம். தனியாகக் குடிக்க முடியாத முரட்டுத் தொட்டி ஒன்று 3 சதவீதம் சேர்ந்ததும் மொத்தமும் நிமிர்ந்து நிற்கலாம். போர்தோவின் ஒயின் அறிஞர் எமில் பெய்னோ (1912–2004) பண்ணைகளுக்கு ஓயாமல் வலியுறுத்தியதும் இந்தத் தேர்வைத்தான்: பழுத்தபின் பறியுங்கள், தனித்தனியாக நொதிக்கவிடுங்கள், தேறாத தொட்டியை முதல் ஒயினில் சேர்க்காதீர்கள். விலக்கப்பட்ட தொட்டிகளுக்கென்றே 'இரண்டாம் ஒயின்' என்று தனிப் பெயரில் ஒரு பாட்டில் உண்டு. ஷாத்தோ மார்கோவின் பவியோன் ரூஜ் அப்படிப்பட்டது. கலப்பது என்றால் கிடைத்ததையெல்லாம் ஒரே அண்டாவில் கொட்டுவது என்று நினைப்பவர்கள் இந்த மேசையைப் பார்க்க வேண்டும். அங்கே நடக்கும் வேலையில் பாதிக்கு மேல் கழித்தல்தான்.

தனிக் கேபர்னேயை வாயில் வைத்தால் முதலில் வாசனை எழும், கடைசியில் துவர்ப்பு பிடிக்கும். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும் என்பது தொழிலில் இருப்பவர்கள் பலரும் சொல்வது. தனி மெர்லோவில் நடுப்பகுதி நிறைந்திருக்கும், ஆனால் சாதாரண மண்ணில் விளைந்ததென்றால் சீக்கிரம் தளர்ந்துவிடும். சேர்க்கும்போது மெர்லோவின் சதைப்பற்று அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது, கேபர்னேயின் டானினும் புளிப்பும் மெர்லோவைத் தளரவிடாமல் பிடிக்கின்றன, ஃபிரான் மேலே வாசனையைத் தூவுகிறது. இதன்பின் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ இருக்கும்போது மரத்தின் இடுக்கு வழியே மெதுவாகக் கசியும் ஆக்சிஜன் டானினைப் பதப்படுத்துகிறது. பாட்டிலில் பத்து, இருபது ஆண்டு கடந்த நல்ல மெடோக் ஒயினில் பழ வாசனை பின்வாங்கி, தேவதாரு, புகையிலை, ஈர மண் வாசனைகள் முன்னால் வரும். நெடுநாள் தாங்கும் சக்தி டானினிடமிருந்து வருகிறது. அதுவரை குடிக்கும்படி இருப்பது மென்மையிடமிருந்து வருகிறது. முதலாவதைத் தருவது ஒரு திராட்சை, இரண்டாவதைத் தருவது இன்னொன்று. வானிலைக்காகப் பக்கத்துப் பக்கத்தில் நட்ட கொடிகள் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்ததைத் தலைமுறைக்கணக்கில் வாயால் கண்டறிந்த பிறகு, நல்ல ஆண்டிலும் பிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்த ஆட்சேபம் கடுமையானது: கலவை என்பது நாகரிகமான கலப்படம்தானே? வரலாறு இந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது, மறைப்பானேன். 19-ம் நூற்றாண்டில் போர்தோ வணிகர்கள் தங்கள் மெலிந்த ஒயினுக்குப் பலம் கூட்ட, ரோன் பள்ளத்தாக்கிலிருந்து ஹெர்மிடாஜ் என்னும் ஷிரா ஒயினைத் தருவித்துக் கலந்தார்கள். பெரிய பண்ணைகளின் ஒயினிலும் அது நடந்தது. வாங்கிய ஆங்கிலேயர்கள் குறையாக நினைக்கவுமில்லை. பிறகு ஒரு வேர்ப்பூச்சியால் தோட்டங்கள் அழிந்து, தட்டுப்பாட்டில் போலி ஒயின் பெருகியபோதுதான் 1905-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், 1935-ல் எந்த ஊர்ப் பெயரை யார் போடலாம் என்று வரையறுக்கும் அமைப்பும் பிரான்சில் வந்தன. அதன் பிறகும் 1973-ல் தென்பகுதி மலிவு ஒயினைப் போர்தோ என்று விற்ற மோசடி வெடித்து நீதிமன்றம் வரை போனது. ஆனால் இந்த வழக்குகள் எதிலும் குற்றம் 'கலந்தது' இல்லை. வேறு ஊர்ச் சரக்கைச் சொந்த ஊர்ப் பெயரில் விற்றதுதான் குற்றம். ஒரே வட்டாரத்தில், சட்டம் பட்டியலிட்ட திராட்சைகளை, விளைவித்தவனே சேர்ப்பது வேறு. கிடைத்ததைச் சேர்த்து அளவைப் பெருக்குவது வேறு. சீட்டில் திராட்சைப் பெயர் போடுபவர்கள் நேர்மையாளர்கள் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் போதாது. ஐரோப்பிய விதிப்படி 85 சதவீதம் இருந்தால் போதும், அந்தத் திராட்சையின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் 75 சதவீதமே போதும். 'கேபர்னே' என்று எழுதிய கலிஃபோர்னியா பாட்டிலில் கால் பங்கு வரை வேறு திராட்சை இருக்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் போட்டு, இந்த மண்ணின் கலவை இது என்று விற்பதில் எனக்கு ஒளிவுமறைவு குறைவாகவே தெரிகிறது.

பர்கண்டியைக் காட்டி மடக்குபவர்களும் உண்டு. பிரான்சிலேயே, இதைவிட விலை உயர்ந்த சிவப்பு ஒயினை பினோ நுவார் என்ற ஒரே திராட்சையில் செய்கிறார்களே? உண்மைதான். ஆனால் பர்கண்டி கடலிலிருந்து தூரத்தில், குளிர்ந்த உள்நாட்டில் இருக்கிறது. தாமதமாகப் பழுக்கும் கேபர்னேக்கு அங்கே காலமே போதாது; சீக்கிரம் பழுக்கும் பினோதான் பொருந்தும். அதோடு, கமே என்ற விளைச்சல் மிகுந்த திராட்சையை 1395-லேயே அந்நாட்டுக் கோமகன் ஆணை போட்டு விரட்டினார். ஒற்றைத் திராட்சைத் தூய்மை என்று நாம் வியப்பதில் அரசாணைக்கும் பங்கு உண்டு. இன்னும் கூர்மையான எதிர்ச்சான்று போர்தோவுக்குள்ளேயே இருக்கிறது: போமெரோலின் பெத்ருஸ், ஏறக்குறைய முழுவதும் மெர்லோ. என் வாதத்தில் இது ஓட்டை போடுகிறதா? கொஞ்சம் போடுகிறது. மெர்லோ தளரும் என்று சொன்னேன். பெத்ருஸ் பல பத்தாண்டு தளராமல் நிற்கிறது. ஆனால் அது நிற்பது சிறு பரப்பில் மட்டுமே உள்ள அபூர்வமான நீலக் களிமண் மேட்டின் மேல். வறண்ட கோடையிலும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் மண் அது. பக்கத்துச் சான்-எமிலியோனில் ஷாத்தோ ஷெவல் பிளாங்க் கேபர்னே ஃபிரானைப் பெருமளவு சேர்த்தே பெயர் வாங்கியது. ஒரு மேட்டுக்குச் செல்லுபடியாகும் விதிவிலக்கை வைத்து பல்லாயிரம் ஹெக்டேர் அளவிலான வட்டாரத்தை அளக்க முடியாது.

இந்தக் குணம் என்பதே கற்பனை என்று சொல்பவர்களின் ஆட்சேபம்தான் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுகிறது. அதற்கான ஆதாரம் போர்தோ பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. மொரோ, புரோஷே, துபூர்தியூ என்ற மூவர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதன் மணத்தை விவரித்தார்கள். பிளாக்கரன்ட், தேவதாரு என்று அடுக்குவதெல்லாம் கண் சொல்லிக்கொடுத்த பாடம் என்று இதை வைத்துக் கேலி செய்வது சுலபம். மண வர்ணனைகளில் பாதி வியாபாரக் கவிதை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை; பாட்டிலின் பின்சீட்டைப் படித்துப் பழங்களை எண்ணுபவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சோதனை கேட்டது மணத்துக்கான சொற்களை. துவர்ப்பு, புளிப்பு, ஆல்கஹாலின் சூடு, வாயில் தங்கும் நேரம் ஆகியவற்றை அது சோதிக்கவில்லை. டானினையும் அமிலத்தையும் ஆய்வகத்தில் அளக்கலாம். கலவை மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் சரிசெய்வதும் பெரும்பாலும் இவற்றைத்தான். பெயர் சொல்லத் தடுமாறும் மூக்கை வைத்து, ஈறு உணரும் துவர்ப்பையும் பொய்யென்று சொல்லிவிட முடியாது. (குணம் என்று நான் சொல்வது ருசியின் குணத்தை; உடம்புக்கு நல்லது என்ற பொருளில் இல்லை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதென்று சொல்ல முடியாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று 1990களில் கிளம்பிய பேச்சு இன்னும் நம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.)

விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு திராட்சையே மாறுகிறது, அப்படியிருக்க நிலையான குணம் எங்கே என்று கேட்கலாம். மாறியிருப்பது உண்மை. ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி 1860களுக்குப் பின் தோட்டங்களைத் தின்பதற்கு முன்பு, மால்பெக்கும் கார்மனேரும் அங்கே பரவலாக இருந்தன. அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுப்போட்டு மறுபடி நட்டபோது, விளைச்சல் நிச்சயமில்லாத கார்மனேரை யாரும் சீண்டவில்லை. அது அழிந்தே போயிற்று என்று எண்ணியிருந்தார்கள். 1994-ல் சிலிக்குப் போன பிரெஞ்சுத் திராட்சை வல்லுநர் ஜான்-மிஷெல் புர்சிக்கோ, அங்கே மெர்லோ என்று பெயர் சூட்டி வளர்த்த கொடிகள் பலவும் உண்மையில் கார்மனேர் என்று கண்டுபிடித்தார். பூச்சிக்கு முன் போர்தோவிலிருந்து கப்பலேறிய நாற்றுகளின் சந்ததி அவை. ஒரு கூட்டாளி வெளியேறி நூறு ஆண்டு ஆகியும் போர்தோ போர்தோவாகவே குடிக்கப்பட்டது. காரணம், அந்த இடத்தில் இருந்த வேலைகள் அப்படியே இருந்தன: ஒன்று எலும்பு, ஒன்று சதை, ஒன்று வாசனை. யார் எதைச் செய்வது என்பது மட்டும் மாறியது.

இப்போது மறுபடியும் மாறுகிறது. மழையும் பனியும் இன்னும் எதிரிகள்தான். 2017 ஏப்ரல் உறைபனி அதைக் காட்டியது. ஆனால் புது எதிரி வெயில். ஒரு தலைமுறைக்கு முன் 12, 12.5 சதவீத ஆல்கஹாலோடு நின்ற மெர்லோ, சூடான ஆண்டுகளில் 14.5, 15 என்று ஏறுகிறது, புளிப்பு விழுகிறது. சீக்கிரம் பழுப்பதுதான் அதன் பலமாக இருந்தது, அதுவே இன்று பலவீனம். விற்பனையும் சரிந்து, அரசு பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொல்லும் நிலையில் இருக்கும் வட்டாரத்துக்கு இது கூடுதல் தலைவலி. முன்பெல்லாம் பல ஆண்டுகளில் பழுக்காமலே வீணாகிய பெட்டி வெர்டோ இப்போது ஒழுங்காகப் பழுப்பதால் சில பண்ணைகள் அதைக் கூட்டுகின்றன. 2021-ல் பிரெஞ்சு அதிகாரிகள் சோதனை முறையில் நான்கு சிவப்புத் திராட்சைகளுக்கும் இரண்டு வெள்ளைத் திராட்சைகளுக்கும் அனுமதி தந்தார்கள்: சிவப்பில் அரினார்னோவா, காஸ்தே, மார்செலான், போர்ச்சுகலின் தூரிகா நாசியோனல். தோட்டப் பரப்பில் 5 சதவீதம், கலவையில் 10 சதவீதம் என்பது உச்சவரம்பு. அரினார்னோவாவும் மார்செலானும் கேபர்னே சோவிஞ்ஞோனின் பிள்ளைகள், காஸ்தே மறக்கப்பட்ட உள்ளூர்க் கொடி, தூரிகா மட்டும் எல்லை தாண்டி வந்தது. போர்ச்சுகல் திராட்சை புகுந்தால் இது போர்தோவா என்று கேட்பவர்களின் மனம் புரிகிறது. ஆனால் தூரிகாவை அழைத்து வந்த காரணம் பழையதுதான்: அது தாமதமாகப் பழுக்கிறது, டானினும் நிறமும் தருகிறது. மெர்லோ வெயிலில் தளரும் ஆண்டில் 10 சதவீத இடத்தில் கேபர்னேக்குத் துணையாக அது நிற்குமா என்பது சில அறுவடைகளில் தெரிந்துவிடும். நிற்காவிட்டால் அந்தத் தொட்டி இரண்டாம் ஒயினுக்குப் போகும்.